மாமாவின் மெய்க்கீர்த்தி

கல்வெட்டின் தலையில் மெய்க்கீர்த்தி எழுதும் வழக்கத்தை ராஜராஜ சோழன் நிலைநாட்டி ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிறது. எந்தெந்த நாட்டை வென்றார் என்பதைப் பாடி முடித்த பிறகுதான் கல்வெட்டு தானக் கணக்குக்கே வரும். அந்த வசதி நெடுங்காலம் ராஜாக்களுக்கு மட்டும் இருந்தது. இப்போது தஞ்சாவூர் ஜில்லாவில் செல்போன் வைத்திருக்கும் எல்லோருக்கும் வந்துவிட்டது. டிராக்டர் வாங்கினால் ஒரு பாட்டு, காதுகுத்துக்கு ஒரு பாட்டு, வார்டு தேர்தலில் நின்று தோற்றவருக்கும் ஒரு பாட்டு. பேர், ஊர், தொழில் மூன்றையும் ஏஐ ஆப்பில் தட்டினால், டீ ஆறுவதற்குள் பல்லவி, சரணம், நடுவில் கோரஸ் என்று எல்லாம் வந்து இறங்குகிறது.

எங்கள் மாமாவுக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். "பாட்டு, வீடியோ எல்லாம் நான் பாத்துக்கறேன் அத்தான். நீங்க வரியை மட்டும் ஒரு தடவை படிச்சுப் பாருங்க" என்றான் மாமா பையன்.

படித்தேன். முதல் வரியிலேயே மாமா காவிரியின் மைந்தன். மாமாவின் நிலம் கடைமடையில் இருக்கிறது. ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்தாலும், வழியில் உள்ள அத்தனை பேரும் குடித்து மிச்சம் வைத்தால்தான் அங்கே தண்ணீர். அடுத்த வரி 'போர் பல கண்ட சிங்கம்'. இதை மட்டும் மறுக்க முடியாது. மாமா போட்ட போர் மூன்று. இரண்டில் தண்ணீர் வரவில்லை.

மெட்டு விஷயத்தில் பையன் ஒரு காரியம் செய்தான். சம்பா அறுவடைப் பாட்டு மாதிரி வேண்டும் என்பதை இங்கிலீஷ் எழுத்தில் தட்டினான். மெஷினுக்குத் தெரிந்த சம்பா பிரேசிலில் இருக்கிறது. ரியோ டி ஜெனிரோ திருவிழாக் கொட்டுடன் மாமா கதிர் அறுக்கப் புறப்பட்டார். அதைத் திருத்தி "நாதஸ்வரம், தவில்" என்று கேட்டதற்கு, ஷெனாயும் டோலும் வந்தன. பஞ்சாபிலிருந்து சம்பந்தம் செய்த மாதிரி இருந்தது.

வீடியோ இன்னும் விசேஷம். நடவு நடும் பெண்கள் தலையில் வியட்நாம் கூம்புத் தொப்பி. வயலுக்குப் பின்னால் பனிமலை. தஞ்சாவூர்க்காரன் மலை என்று ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் திருச்சிக்கு பஸ் ஏற வேண்டும். கல்லே கிடைக்காத இந்த மண்ணுக்கு வெளியிலிருந்து கருங்கல்லை இழுத்து வந்துதான் 1010-ல் பெரிய கோயிலைக் கட்டி முடித்தார்கள். அந்தக் கோயிலும் வீடியோவில் வந்தது. ஆனால் வாசல் கோபுரம் வானளாவ, விமானம் அதன் காலடியில் குட்டியாக. 216 அடி விமானத்தை நிறுத்தி, கோபுரத்தைக் குறைத்துக் கட்டியதுதான் ராஜராஜனின் பெருமையே. மற்ற ஊர்க் கோயில் படங்களை நிறையப் பார்த்த மெஷின், மெஜாரிட்டி பக்கம் சாய்ந்துவிட்டது. அது எதையும் பார்த்து வரைவதில்லை. இதுவரை கண்ட கோடிப் படங்களில் எது எதோடு சேர்ந்து வருமோ அதைக் கொடுக்கிறது. நெல் வயல் என்றால் தொப்பி வரும், தொப்பிக்குப் பின்னால் மலை வரும்.

மாமாவின் வழுக்கையில் சுருள் முடி முளைத்திருந்தது. அத்தை ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொன்னாள்: "இவருக்கு வேற பொண்ணுதான் பாக்கணும்."

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. மாமா பையன் அடுத்துச் சொன்னதில்தான் வில்லங்கம். "கெட்டிமேளமும் இதுலயே இருக்கு அத்தான். மேளக்காரங்களுக்கு எதுக்குத் தண்டமா காசு?"

திருக்கடையூரில் ஒரே முகூர்த்தத்தில் எத்தனையோ ஜோடிகள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் வரிசையில் ப்ளூடூத் ஸ்பீக்கர். தவில்காரர் என்றால், கை எங்கே இருந்தாலும் கண் குருக்கள் மேல் இருக்கும். குருக்கள் விரலைத் தூக்கியதும் பொழிந்துவிடுவார். ஸ்பீக்கருக்கு அந்தக் கண் கிடையாது. குருக்கள் விரலைத் தூக்கினார். பாட்டு அப்போதுதான் இரண்டாவது போரில் இருந்தது. பக்கத்து ஜோடிக்கு அடித்த கெட்டிமேளத்தில்தான் மாமா தாலி கட்டினார்.

கட்டி முடித்ததும் மாமா எழுந்து போய், அந்தத் தவில்காரர் கையில் ஐந்நூறு ரூபாயைத் திணித்தார். "அவங்களே கொடுத்துட்டாங்களே ஐயா" என்றார் அவர். "என் முடிச்சுக்கும் நீங்கதானே அடிச்சீங்க?" என்றார் மாமா.

பாட்டை இலவசமாக வாங்கிக்கொள்வது இந்த ஊர் வழக்கத்தில் இல்லை. பெரிய கோயிலில் திருப்பதியம் பாட ராஜராஜன் நியமித்த பிடாரர் நாற்பத்தெட்டுப் பேர், உடுக்கை, மத்தளம் வாசிக்க இரண்டு பேர். ஆளுக்குத் தினம் மூன்று குறுணி நெல் என்று கல்லிலேயே வெட்டியிருக்கிறது. கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேருக்கும், தெருவும் வீடும் குறித்து, வருஷத்துக்கு நூறு கலம் நெல்.

ஏ.ஆர். ரஹ்மான் 2024-ல் 'லால் சலாம்' படத்துக்காக, மறைந்த பம்பா பாக்கியா, சாகுல் ஹமீது இருவர் குரலையும் ஏஐ வழியே கொண்டுவந்தார். அப்போது, குடும்பங்களிடம் அனுமதி கேட்டு, பணமும் அனுப்பியதாக அவரே சொன்னார். அதுதான் முறை. அதே வருஷம் ஜூனில் சூனோ, யூடியோ என்ற இரண்டு பாட்டு ஏஐ கம்பெனிகள் மேல் அமெரிக்காவில் யூனிவர்சல், சோனி, வார்னர் வழக்குப் போட்டன. தங்கள் பாட்டை அனுமதி கேட்காமல் எடுத்து ஏஐயைப் பழக்கினார்கள் என்று. மறு வருஷமே அவர்களில் சிலர் சமாதானமாகிக் கூட்டாளிகளாகவும் ஆகிவிட்டார்கள். பெரிய கம்பெனி என்றால் வக்கீல் வைத்து நெல் அளந்து வாங்கிக்கொள்ளும். நரசிங்கம்பேட்டையில் பழைய வீட்டு ஆச்சா மரத்தைத் தேடி வாங்கி நாயனம் கடைகிறவர்களுக்கு 2022-ல் புவிசார் குறியீடு வந்தது. வக்கீல் இன்னும் வரவில்லை.

வீட்டில் விசேஷம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஏஐ பாட்டை ரிசப்ஷனில் தாராளமாகப் போடுங்கள். மாப்பிள்ளைக்கு வேண்டிய அளவு முடி வைத்துக்கொள்ளுங்கள். முகூர்த்தத்துக்கு மட்டும் நாயனக்காரர் கையில் இப்போதே அட்வான்ஸ் கொடுத்துவிடுங்கள். தை பிறந்துவிட்டால் கிடைக்கமாட்டார்கள்.