மைனஸ் மாமா

கல்யாண மண்டபத்தில் மற்றவர்கள் சாப்பாடு எப்படி என்று கேட்டால், மைனஸ் மாமா வீடியோக்காரத் தம்பியை ஓரங்கட்டி, "பிளஸ்ல பர்ன் பண்றியா, மைனஸ்லயா?" என்று கேட்பார். செராஸில் தாமானுக்கு ஒருவராவது இப்படி இருந்தார்கள். எங்கள் தாமானில் இவர். ஓய்வுபெற்ற டெக்னீஷியன். சட்டைப் பையில் பேனா இருக்காது, டிஸ்க்கில் எழுதுகிற மார்க்கர் இருக்கும்.

வீசிடி காலத்தில் மாமாவுக்கு வேலையே இல்லை. ஒரு வட்டுக்கு 74 நிமிடம்தான். இரண்டு முடிச்சு முதல் வட்டிலும் மூன்றாவது அடுத்த வட்டிலும் விழும். கல்யாணம் பாதியில் நிற்க, யாராவது எழுந்து போய் வட்டை மாற்றுவார்கள். பிறகு டிவிடி வந்தது, மாமாவுக்கு வாழ்வும் வந்தது. ஏனென்றால் வெற்று டிவிடி இரண்டு கட்சியாக வந்தது. மைனஸ் ஆர், 1997-ல் பயனியர் கொண்டுவந்தது. பிளஸ் ஆர், 2002-ல் பிலிப்ஸ், சோனி கூட்டணி கொண்டுவந்தது. இரண்டும் ஒரே அளவு, இரண்டிலும் கொள்வது 4.7 ஜிபி. வித்தியாசம் இவ்வளவு குறைவாக இருந்தால்தான் நம்மவர்களுக்குச் சண்டை ருசிக்கும். கோயில் கமிட்டித் தேர்தல் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

மாமா ஏன் மைனஸ்? பழைய பிளேயர்கள் மைனஸைத்தான் மதிக்கும் என்பார். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால் பிளஸ் வட்டிலிருக்கும் அடையாளக் குறியை, கம்பெனியில் அச்சடித்த வட்டின் குறியாக மாற்றி எழுதினால் அதையும் பல பிளேயர்கள் ஏற்றுக்கொள்ளும். மாமாவுக்கு இதுவும் தெரியும். "கள்ள ஐசி வச்சிருக்கிற டிஸ்க் நம்ம வீட்டுக்கு வேணாம் லா" என்று தள்ளிவிடுவார். அந்தக் கூட்டணி சோனியே 2002 முடிவதற்குள் இரண்டையும் எழுதும் டிரைவை விற்க ஆரம்பித்துவிட்டது. லோயாட் பிளாசாவில் கடைப் பையன் அதை எடுத்துக் காட்டியபோது, மாமா கட்சி தாவியவரைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு வந்தார்.

விதி பாருங்கள், மகளுக்குக் கிள்ளானில் வாய்த்த சம்பந்தி பிளஸ் கட்சி. ஜாதகத்தில் பத்துப் பொருத்தமும் பார்த்தவர்கள் இதை விட்டுவிட்டார்கள். கல்யாண வீடியோ இரண்டு செட் போட வேண்டியதாயிற்று.

16 வேகம் என்று அட்டையில் போட்டிருந்தாலும் மாமா 4-ல்தான் பர்ன் பண்ணுவார். அது முடியும்வரை வீட்டில் வாஷிங் மெஷின் ஓடாது, கதவு அறையாது. வட்டிலுள்ள சாயம் வெளிச்சம் பட்டால் கெடும், நம் ஊர்ப் புழுக்கமும் அதற்கு ஆகாது. ஆகவே பட்டுப்புடவை அலமாரி காலியாகி வட்டுகள் குடியேறின. அத்தையின் புடவைகள் கட்டிலுக்கு அடியில்.

2007-ல் லக்கி, ஃப்ளோ என்ற இரண்டு லாப்ரடார்களை மலேசியாவுக்குக் கொண்டுவந்தார்கள். வட்டின் பாலிகார்பனேட் வாசனையை மோப்பம் பிடித்து, திருட்டு வட்டுப் பதுக்கல்களைக் காட்டிக்கொடுக்க. அசலா திருட்டா என்று பிரித்துச் சொல்ல அவற்றுக்குத் தெரியாது. அவற்றின் தலைக்குத் திருட்டு வட்டுக் கும்பல் விலை வைத்ததாகக்கூடச் செய்தி வந்தது. புதன்கிழமை தாமான் கொனாட் பாசார் மாலாம் போய்வந்தவர்கள் அதையே பேசிக்கொண்டிருந்தார்கள். மாமாவுக்கு ஒரே சந்தேகம்தான்: "அதுங்களுக்கு மைனஸ் பிளஸ் வித்தியாசம் தெரியுமா?"

இப்போது பேரனின் லேப்டாப்பில் வட்டுப் போட வாயே இல்லை. அம்மா கல்யாணத்தைப் பார்க்கணும், பென்டிரைவில் போட்டுக் கொடுங்கள் தாத்தா என்று கேட்டான். மாமா மூன்று நாள் யோசித்தார். ஃபேட்32-ல் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைலாக நிற்காது. எக்ஸ்ஃபேட் என்றால் பழைய டிவி திறக்காது. கடைசியில் கிள்ளானுக்குப் போன் போட்டார்.

"சம்பந்தி, நீங்க எதுல போட்டிருக்கீங்க? சும்மா தெரிஞ்சுக்கத்தான். நான் மத்ததுல போடணும்."