சப் கான்ட்ராக்ட்

ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வீட்டுப்பாடம் கூடாது என்கிறது மத்திய அரசின் 2020ஆம் ஆண்டுப் பள்ளிப் பைக் கொள்கை. பிள்ளைக்கு இரண்டு மணி நேரம், சரி. அப்பாவுக்கு எத்தனை மணி நேரம் என்று அதில் ஒரு வரிகூட இல்லை.

அரசாங்கத்தையும் நீதிமன்றத்தையும் குறை சொல்ல முடியாது. ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடமே தரக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018ல் உத்தரவு போட்டது. என் மகள் அப்போதுதான் மூன்றாம் வகுப்புக்குப் போகிறாள். எங்கள் வீட்டு அதிர்ஷ்டம் எப்போதும் ஒரு வகுப்பு தள்ளித்தான் வந்து சேரும். அதற்கும் முன்னால், 1989ல், ஆர்.கே. நாராயண் மாநிலங்களவையில் தன் முதல் பேச்சையே புத்தகப் பையின் கனத்துக்காகச் செலவழித்தார். பிறகு யஷ்பால் குழு அமைந்தது, 1993ல் அறிக்கை வந்தது. இத்தனை பெரிய மனிதர்களும் பிள்ளையின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டி.பி.பி. ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே, ஆளுயரத் தெர்மாகோல் ஷீட்டை முதுகில் கட்டிக்கொண்டு மொபெட்டில் வருகிற அப்பாவை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு லாரி உரசிப் போனால் ஷீட்டில் காற்று புகுந்து, வண்டி பொன்னேரியைப் பார்க்கும், நான் எண்ணூரைப் பார்ப்பேன்.

ஷீட் எதற்கு என்றால், மகளின் வகுப்பில் குரூப் பிராஜெக்ட். ஐந்து பேர் சேர்ந்து அனல்மின் நிலையத்துக்கு ஒர்க்கிங் மாடல் செய்ய வேண்டும். எங்கள் ஊரில் இந்தத் தலைப்பைத் தேடி அலைய வேண்டியதில்லை. மொட்டை மாடியில் துணி காயப்போட்டால் தலைப்பு வந்து துணியிலேயே படியும். அத்திப்பட்டுப் பக்கம் வடசென்னை அனல்மின் நிலையம், இந்தப் பக்கம் வல்லூர். வடசென்னையின் முதல் இரண்டு கட்டங்களில் 210 மெகாவாட்டில் மூன்று யூனிட், 600 மெகாவாட்டில் இரண்டு. ஆக ஐந்து. குரூப்பிலும் ஐந்து பேர். ஆளுக்கு ஒரு யூனிட் என்று மிஸ் கணக்குப் போட்டிருப்பார் போல.

பொறுப்புப் பிரித்த பட்டியலை மகள் காட்டினாள். ஒருத்தி சார்ட். ஒருத்தி ஃபெவிகால். ஒருத்தி லீடர். ஒருத்தி 'ஐடியா'. கடைசியில் மகளின் பேர், அதற்கு நேராக 'மீதி'.

"மீதின்னா என்னம்மா?"

"மாடல்ப்பா."

தினப்படி வீட்டுப்பாடத்தில் இதே பிள்ளைகள் காட்டும் ஒற்றுமையைப் பார்த்தால் கண் கலங்கும். அத்திப்பட்டு புதுநகரில் ஏறுகிறவள் கணக்கு முடித்திருப்பாள், அத்திப்பட்டில் ஏறுகிறவள் இங்கிலீஷ். நந்தியம்பாக்கம் தாண்டும்போது நோட்டுகள் மடி மாறும். கும்மிடிப்பூண்டி லோக்கல் மீஞ்சூரில் நிற்கும்போது நாலு நோட்டிலும் ஒரே விடை, ஒரே தப்பு, பக்கத்து ஆசாமி இடித்ததால் விழுந்த கோணல் கோடுகூட ஒரே இடத்தில். உழைப்பைப் பகிர்ந்துகொள்ளத் தெரியாத பிள்ளைகள் இல்லை. மார்க் போட்டுப் பகிரச் சொன்னால்தான் கை வராது.

"அப்பா கம்பெனியில இருக்காரு, எல்லாம் செஞ்சு குடுப்பாரு" என்று என் மனைவி பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தாள். கம்பெனி கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருப்பது நிஜம். நான் அங்கே டிஸ்பாட்ச்சில் டெலிவரி சலான் எழுதுகிறவன். ஒரு ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதிலேயே எனக்கு இன்னும் ஒரு தீர்மானம் வரவில்லை.

ஆகவே நம் தொழிற்பேட்டையில் என்ன வழக்கமோ அதைச் செய்தேன். மெயின் கான்ட்ராக்ட் ஐந்து பேர் பெயரில். அதில் மகள் சப் எடுத்தாள். அவளிடமிருந்து நான். என்னிடமிருந்து எங்கள் மெயின்டனன்ஸ் ஃபிட்டர் அண்ணன், கூலி இரண்டு பிளேட் பிரியாணி. அவர் தன் பையன் பாலிடெக்னிக் படிக்கிறான் என்று அவனிடம் தள்ளிவிட்டார். கடைசியில் வேலை செய்தவனுக்கு அது எந்தப் பள்ளிக்கூடத்துப் பிராஜெக்ட் என்றே தெரியாது.

ஆனால் பையன் கெட்டிக்காரன். ஒரிசா நிலக்கரி பாரதீப்பில் கப்பல் ஏறி எண்ணூரில் இறங்குகிறது இல்லையா, அந்தத் துறைமுகத்திலிருந்து கன்வேயர் பெல்ட்டே வைத்துவிட்டான்: சைக்கிள் டியூபை வெட்டி, பழைய சிடி பிளேயர் மோட்டாரில் மாட்டி. நிலக்கரிக்கு இஸ்திரி வண்டிக்காரரிடம் வாங்கிய கரித்துண்டு. சிம்னிக்கு பிவிசி பைப். புகைக்கு என் அம்மா யோசனை சொன்னாள்: பைப்புக்குள் ஊதுபத்தி. கொளுத்திப் பார்த்தோம். அனல்மின் நிலையம் கமகமவென்று சந்தன வாசனை விட்டது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, "நிஜத்துலயும் இப்படி விட்டா என்னவாம்?" என்றாள். மின்வாரியம் கவனிக்கலாம்.

கண்காட்சி அன்று மாடலைத் தூக்கிக்கொண்டு போனேன். ஐந்து பேரும் வரிசையாக நின்றார்கள். லீடர் பேட்ஜ் குத்தியிருந்தாள். "யார் செஞ்சது?" என்றார் மிஸ். "நாங்கதான் மிஸ்!" ஐந்து குரலும் ஒரே சுருதி. மிஸ் என்னை ஒரு பார்வை பார்த்தார். என் சட்டைக் கையில் ஃபெவிகால் காய்ந்திருந்தது. அவருக்குத் தெரியாததா? பக்கத்து மேஜையில் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் எடுக்கும் ஆலைக்குப் பின்னால், கட்டு போட்ட விரலோடு இன்னொரு அப்பா நின்றுகொண்டிருந்தார். நாங்கள் தலையசைத்துக்கொண்டோம்.

மிஸ் கேள்வியை மாற்றினார். "கரி எரிஞ்சதும் சாம்பல் வருமே, அது எங்கம்மா போகும்?"

லீடர் சிம்னியைப் பார்த்தாள். ஐடியா மோட்டாரைப் பார்த்தாள். என் மகள் என்னைப் பார்த்தாள். நான் பாலிடெக்னிக் பையனைத் தேடினேன். சாம்பலுக்கு நாங்கள் இடமே விடவில்லை.

சார்ட் வாங்கி வந்தவள் வாயைத் திறந்தாள். அவள் செப்பாக்கத்துப் பிள்ளை. அந்த ஊரைச் சாம்பல் குளம் சூழ்ந்திருக்கிறது. "தண்ணில கரைச்சு பைப்ல குளத்துக்கு அனுப்புவாங்க மிஸ். பைப்பு ஒடைஞ்சா கொசஸ்தலை ஆத்துக்குப் போவும். காஞ்சு போச்சுன்னா காத்துல எங்க வூட்டுக்கு வரும். சோத்துப் பானைய மூடித்தான் வெக்கணும்." கன்வேயர் மட்டும் கிர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. மிஸ் கொஞ்ச நேரம் எழுதவே இல்லை, பிறகு எழுதினார். ஐந்து பேருக்கும் முழு மார்க். அதுவரை பதினெட்டு ரூபாய் சார்ட்டோடு தப்பித்துக்கொண்டாள் என்று நான் வைதுகொண்டிருந்த பிள்ளை அவள்.

சாயந்திரம் மகள் அடுத்த தலைப்போடு வந்தாள். காட்டுப்பள்ளி கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை. நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் திறனோடு 2010ல் திறந்த, அசல் ஆலை.

"ஒர்க் ஆகணுமாம்ப்பா. மிஸ் குடிச்சுப் பார்ப்பாங்களாம்."

பி ஷிஃப்ட் மதியம் இரண்டுக்குத் தொடங்கி இரவு பத்துக்கு முடியும். வீடு வந்து சேரும்போது பிள்ளை தூங்கியிருக்கும். அடுத்த மாதம் முழுக்க அதை யாராவது எனக்கு மாற்றித் தருவார்களா என்று டிஸ்பாட்ச்சில் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு முன்னாலேயே மூன்று பேர் கேட்டு வைத்திருக்கிறார்கள். மூன்று பேர் வீட்டிலும் ஒன்பதாம் வகுப்பு.