அடிமுடி காணாப் படலம்: கீழ்பென்னாத்தூர் 4-க்கு 6 பிரிண்ட் குறித்து ஓர் ஆய்வு

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகும் சாலையில் உள்ள கீழ்பென்னாத்தூர் ஒரு பேரூராட்சி, ஒரு தாலுகா, ஒரு சட்டமன்றத் தொகுதி. இவ்வளவு தகுதிகள் இருந்தும், இவ்வூர்க் கல்யாண ஆல்பங்களில் பெரியவர்களுக்குப் பாதம் ஏன் இல்லை என்ற கேள்வியை எந்தப் பல்கலைக்கழகமும் கையில் எடுக்கவில்லை. அக்குறையைப் போக்குவதே இச்சிற்றாய்வின் நோக்கம்.

நிகழ்வு எளியது. மணமக்கள் தாத்தா காலில் விழுகிறார்கள். சித்தப்பா மொபைலைப் படுக்கவைத்து, எல்லாரும் அடங்கும்படி ‘கிளிக்’ செய்கிறார். மறுவாரம் கடைத்தெரு ஸ்டுடியோவில், “அண்ணா, 4-க்கு 6-ல ஒண்ணு போடுங்க” என்கிறார். வரும் பிரிண்டில் தாத்தாவின் தலைப்பாகையும் இல்லை, பாதமும் இல்லை. மணமக்கள் மட்டும் குனிந்திருக்கிறார்கள். நூறாண்டு கழித்து இப்படத்தைக் காணும் வரலாற்றாசிரியர், திருமணத்தன்று மோதிரம் தொலைந்துபோனது என்று முடிவுகட்டினால் அவரைக் குறை சொல்ல முடியாது.

இனி கணக்கு. மொபைல் கேமரா வழக்கமாகத் தரும் படம் 4:3. பிரிண்ட் தாளோ 3:2. ஆறு அங்குல அகலத்தைப் படம் நிறைக்கும்போது அதன் உயரம் நாலரை அங்குலம் ஆகிறது. தாளில் இருப்பது நாலு. மிச்சம் அரை அங்குலத்தை மெஷின் பாரபட்சமின்றி மேலே பாதி, கீழே பாதி என்று நறுக்குகிறது. ஆக, கீழே போனது கால் அங்குலம்தான். கால் இருந்ததும் அங்கேதான். சித்தப்பா அகலத்திரைக்கு ஆசைப்பட்டு 16:9-ல் எடுத்திருந்தால் தாத்தா முழுசாகத் தப்பியிருப்பார். இரு ஓரங்களிலும் நின்ற சம்பந்திகள் போயிருப்பார்கள். அது வேறு வகைச் சிக்கல். பஞ்சாயத்தில் தீர்க்க வேண்டியது.

இந்த இரண்டு விகிதங்களும் அந்நியர்கள் அல்ல என்பதே ஆய்வில் வெளிப்பட்ட அதிர்ச்சி. சினிமாப் பிலிமின் ஒரு கட்டம் 18-க்கு 24 மில்லிமீட்டர். அதாவது நம் மொபைலின் அதே 4:3. ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரில் லைட்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஆஸ்கர் பர்னாக், அதே பிலிமில் இரண்டு கட்டங்களைச் சேர்த்து 24-க்கு 36 ஆக்கினார். 1925-ல் லைக்கா கேமரா சந்தைக்கு வந்தது; அந்த 3:2 உலகெங்கும் பரவ, அதற்கேற்ப 4-க்கு 6 தாளும் நிலைத்தது. மூத்ததான 4:3, சினிமாவிலிருந்து டி.வி.க்கும், அங்கிருந்து கம்ப்யூட்டர் திரைக்கும், பிறகு டிஜிட்டல் கேமராவுக்கும் போய், கடைசியில் சித்தப்பாவின் சட்டைப்பையில் வந்து உட்கார்ந்தது. ஆகவே ஸ்டுடியோ கவுண்டரில் நடப்பது தொழில்நுட்பக் கோளாறு அல்ல, பங்காளித் தகராறு.

தகராறைத் தீர்க்க மூன்று மதங்கள் உண்டு. வெட்டு மதத்தைச் சொல்லிவிட்டோம். வெள்ளை மதத்தார் முழுப்படத்தையும் காப்பாற்றி, இரு பக்கமும் மூன்றில் ஒரு அங்குலம் வெள்ளை விடுவார்கள். வாடிக்கையாளர் உடனே, “என்னண்ணா, பேப்பர் வேஸ்டா போயிருக்கு” என்பார். காசு கொடுத்த தாளில் மை இல்லாத இடத்தை நம் மக்கள் மன்னிப்பதில்லை. மூன்றாவது, இழுப்பு மதம். இதில் யாரும் வெட்டுப்படுவதில்லை. எல்லாரும் பக்கவாட்டில் எட்டில் ஒரு பங்கு பருப்பார்கள். கல்யாணத்துக்காக ஆறு மாதம் பட்டினி கிடந்த மணப்பெண்ணிடம் இம்மதத்தைப் பரப்ப முயல வேண்டாம்.

வெட்டு மதத்துக்கு இம்மாவட்டத்தில் தனிச்செல்வாக்கு இருப்பதற்கு வலுவான காரணம் உண்டு. அன்னமாய்ப் பறந்த பிரம்மன் முடியையும், வராகமாய்த் தோண்டிய திருமால் அடியையும் காணாமல் திரும்பிய தலம் அண்ணாமலை. சிவாலயக் கருவறையின் மேற்குப்புறச் சுவரில் லிங்கோத்பவரைப் பாருங்கள்: லிங்கத்தின் நடுவே பிளந்த நீள்வட்டத்துக்குள் இறைவன் நிற்பார், முடியின் உச்சியும் பாதமும் மட்டும் தெரியாது. சிற்பி அதை வேண்டுமென்றே செய்தார். அளவில்லாத ஒன்றை அளவுள்ள கல்லில் காட்ட வேறு வழியில்லை என்பது அவர் கட்சி. ஸ்டுடியோ மெஷினுக்கு அந்த அளவு தத்துவம் கிடையாது. ஆனால் விளைவு ஒன்றே. பொய்ச்சாட்சி சொல்லத் தாழம்பூதான் இல்லை. அந்தப் பொறுப்பை, “நான் முழுசாத்தான் எடுத்தேன்” என்று சித்தப்பா ஏற்கிறார்.

4-க்கு 6 தாளோடு சண்டையில்லாமல் வாழ்வது பாஸ்போர்ட் சைஸ். மூன்றரைக்கு நாலரை சென்டிமீட்டர் படங்கள் எட்டு அதில் ஒழுங்காக அடங்கும். அவற்றில் பாதப் பிரச்சினையே எழுவதில்லை என்பது கவனிக்கத்தக்கது.

பெரிதாகப் போடுவோருக்கும் ஒரு வார்த்தை. பெரிய கேமராவில் 3:2-ல் எடுத்ததை 8-க்கு 10 போட்டால் நீளத்தில் ஆறில் ஒரு பங்கு போகும். 8-க்கு 12 கேட்டால் எதுவும் போகாது. மாலை போட்டு மாட்டும் படத்துக்கு ஃபிரேமை முதலில் வாங்கிவிட்டுப் பிறகு படத்தைத் தேடுவது நம் வழக்கம். மறைந்தவரின் காதுகள் அதனால்தான் அடிக்கடி பலியாகின்றன.

முடிபு: மொபைல் படத்துக்கு 6-க்கு 8 கேளுங்கள், அது 4:3-க்கு நூல் பிசகாமல் பொருந்தும். 4-க்கு 6-தான் வேண்டுமென்றால், எடுக்கும்போதே இரண்டடி பின்னால் போய் தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் இடம் விடுங்கள். அதுவும் தவறிவிட்டதா, வெட்டு எங்கே விழ வேண்டும் என்று ஸ்டுடியோத் திரையில் நீங்களே விரல் வைத்துக் காட்டுங்கள். ஆசீர்வாதப் படமாக இருந்தால் தலைப்பாகையை விட்டுக்கொடுத்துப் பாதத்தைக் காப்பாற்றுங்கள்.