தண்ணீர் மட்டும் மின்சாரத்தில் ஓடும் லாரிக்கு மானியம் கோரும் விண்ணப்பம்

பெறுநர்: கனரகத் தொழில்துறை அமைச்சகம், புது தில்லி.
நகல்: சாலைப் போக்குவரத்து அமைச்சகம் (பச்சை நம்பர் பலகை அவர்கள் பொறுப்பில் இருப்பதால்).
பொருள்: டீசல் லாரியில் மின்சார வாட்டர் பம்பு பொருத்தியதற்கு மின்வாகனச் சலுகை கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரைச் சுற்றவிடும் பம்பு, டீசல் லாரிகளில் எஞ்சினின் பெல்ட்டிலோ பல்சக்கரத்திலோ ஓடுகிறது. அதைக் கழற்றிவிட்டு மின்மோட்டாரில் ஓடும் பம்பைப் பொருத்துவது இப்போது பட்டறைகளில் பேசப்படும் சங்கதி. அப்படி மாற்றிய லாரியை மின்வாகனமாக ஏற்றுக்கொண்டு, பச்சைப் பலகையும், 2018 அக்டோபர் அறிவிக்கையின்படி பெர்மிட்டிலிருந்து விலக்கும், பிஎம் இ-டிரைவ் திட்டத்தின் மானியமும் வழங்கக் கோருகிறோம். சிரிக்க வேண்டாம். முன்னுதாரணம் உங்கள் கோப்பிலேயே இருக்கிறது. மின்வாகனங்களை ஊக்குவிக்க 2015 ஏப்ரலில் தொடங்கிய ஃபேம் திட்டத்தில் மைல்டு ஹைப்ரிட் கார்களுக்கும் மானியம் கொடுத்தீர்கள். 1.3 லிட்டர் டீசல் எஞ்சினும், ஸ்டார்ட்டர் வேலையையும் மின் உற்பத்தி வேலையையும் சேர்த்துப் பார்க்கும் ஒரு மோட்டாரும் கொண்ட மாருதி சியாஸுக்கு 13,000 ரூபாய் கிடைத்தது. அந்த மோட்டாரை மட்டும் நம்பி அந்தக் கார் வீட்டு வாசலைக்கூடத் தாண்டாது. எங்கள் பம்பும் சக்கரத்தைச் சுற்றாது. சுற்றுவதாக நாங்கள் சொல்லிக்கொள்ளவும் இல்லை. அந்த வகையில் எங்கள் விண்ணப்பம் கூடுதல் நேர்மையானது.

2017 ஏப்ரல் முதல் மைல்டு ஹைப்ரிட்டை நீக்கிவிட்டோமே, பிழை திருத்தப்பட்டுவிட்டதே என்று நீங்கள் சொல்லலாம். பட்டியலிலிருந்து ஒரு பெயர் நீங்கியது உண்மை. பட்டியல் போடும் முறை நீங்கியதா? வண்டிக்குள் என்ன உறுப்பு இருக்கிறது என்று பார்த்துப் பணம் கொடுப்பது அந்த முறை. அந்த உறுப்பு சாலையில் உண்மையில் எத்தனை லிட்டரை மிச்சப்படுத்தியது என்ற கேள்வி அதில் எழுவதே இல்லை. எங்கள் பம்பு இந்த முறைக்கு அளவெடுத்துத் தைத்தது போன்றது என்பதால், அதன் உள்விவரத்தைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

பெல்ட் பம்பின் மேல் பட்டறைக்காரர்கள் வைக்கும் குற்றச்சாட்டு நியாயமானது. அதன் வேகம் எஞ்சினின் வேகத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. எஞ்சினின் சூடோ சுமையோடு கட்டப்பட்டிருக்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் பம்பு தள்ளும் தண்ணீர் இரண்டு மடங்காகும், ஆனால் அது விழுங்கும் சக்தி எட்டு மடங்காகும். சமதள நெடுஞ்சாலையில் எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துக்கொண்டிருக்க, பம்பு தேவைக்கு மேல் தண்ணீரைத் தள்ளிச் சக்தியை வீணடிக்கும். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் முழு லோடோடு எஞ்சின் திணறி அதன் சுழற்சி குறையும் நேரத்தில், பம்பும் கூடவே சோர்ந்துவிடும். மேலே ஏறி எஞ்சினை அணைத்தால் அதுவும் நிற்கும். கொதித்துக்கொண்டிருக்கும் டர்போவுக்குச் சொட்டு ஓட்டம் கிடையாது. மின்பம்பு இந்த மூன்று இடத்திலும் நல்ல பதில் வைத்திருக்கிறது.

ஆனால் அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது? அதே எஞ்சினின் அதே பெல்ட்டில் ஓடும் ஆல்டர்னேட்டரிலிருந்து. பெல்ட்டில் போகும் சக்தியில் ஏறத்தாழ அறுபது சதவீதம்தான் மின்சாரமாகத் தேறும். பிறகு மோட்டாரில் இன்னும் கொஞ்சம் போகும். நேராகத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்த சக்தியை மின்சாரமாக்கி, மறுபடி சுழற்சியாக்கி, அப்புறம் தண்ணீரைத் தள்ளுகிறோம். தேவையில்லாத நேரத்தில் பம்பை மெதுவாக ஓட்டுவதால் கிடைக்கும் மிச்சம் இந்த இழப்பைத் தாண்டினால்தான் லாபம். 2009இல் டொயோட்டா பிரியஸ் வாட்டர் பம்பை மின்சாரத்துக்கு மாற்றி, எஞ்சினில் பெல்ட்டே இல்லாமல் செய்தது. பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியைச் சேமிக்கப் பெரிய பேட்டரி அதற்கு இருந்தது. எங்கள் லாரிக்கு அப்படி எதுவும் கிடையாது.

கணக்கையும் போட்டுவிடுவோம். 200 குதிரைத் திறன், அதாவது சுமார் 150 கிலோவாட் எஞ்சின் முழுச் சுமையில் ஓடும்போது கூலண்டுக்குள் இறங்கும் வெப்பம் ஏறத்தாழ 90 கிலோவாட். எஞ்சினுக்குள் நுழையும் கூலண்டுக்கும் வெளிவரும் கூலண்டுக்கும் ஏழு டிகிரிக்கு மேல் வித்தியாசம் வராமல் இருக்க, நிமிடத்துக்கு 200 லிட்டருக்கு மேல் ஓடியாக வேண்டும். கடையில் கிடைக்கும் மாற்றுப் பம்புகளில் பெரியவை என்று விற்கப்படும் சிலவும் 150 லிட்டர்தான் என்கின்றன. அதுவும் ஓட்டத்துக்குத் தடையில்லாத நிலையில். மிச்சக் கணக்கும் அடக்கமானதுதான். பழைய பம்பு உச்ச வேகத்தில் விழுங்குவது ஓரிரு கிலோவாட். முழுதாக மிச்சமானாலும் எஞ்சின் சக்தியில் ஒரு சதவீதத்தை ஒட்டித்தான் வரும். இருந்தாலும் ஒதுக்கித் தள்ளக்கூடியதல்ல. ஆண்டுக்கு ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடி, லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் தரும் லாரி 25,000 லிட்டர் குடிக்கிறது. அரை சதவீதம் மிச்சமானால்கூட 125 லிட்டர். இதில் ஆபத்தும் உண்டு. பெல்ட் பம்பு சாகுமுன் ஒழுகும், கத்தும். பெல்ட் அறுந்தால் சார்ஜ் விளக்கு எரியும். மின்பம்பின் ஃபியூஸ் போனால் சத்தமே வராது, வெப்பமானியின் முள் ஏறும்போதுதான் தெரியும்.

மாற்றத்தால் லாபமா நஷ்டமா என்பதை அளந்துதான் சொல்ல முடியும். அளக்க அரசிடம் ஒரு கருவி இருக்கிறது. 12 டன்னுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கான எரிபொருள் விதி 2017இல் அறிவிக்கப்பட்டது. சோதனை எப்படி? மணிக்கு 40 கிலோமீட்டர், 60 கிலோமீட்டர் என்று மாறாத வேகத்தில் ஓட்டிப் பார்ப்பது. சுமையும் வேகமும் மாறும்போதுதான் முழுப் பலன் தரும் ஒரு பம்பை, எதுவுமே மாறாத சோதனையில் நிறுத்துகிறோம். திம்பமும் அங்கே இல்லை, சுங்கச்சாவடி வரிசையும் இல்லை. நல்ல பம்பும் மோசமான பம்பும் அங்கே கிட்டத்தட்ட ஒரே மதிப்பெண் வாங்கும். இந்தச் சோதனையும் புது வண்டிக்குத்தான். பழைய லாரி எஃப்சிக்கு வரும்போது மைலேஜை யாரும் கேட்பதில்லை.

மின்சார லாரிகளை நாங்கள் கேலி செய்வதாக நினைக்க வேண்டாம். சக்கரத்தையே மோட்டார் சுற்றும் லாரி, டீசல் எஞ்சின் வெப்பமாகக் கொட்டும் பெரும்பங்கைக் கொட்டுவதே இல்லை. அதற்குக் கொடுக்கும் பணம் நியாயமானது. வாகனங்களில் மூன்று சதவீதமே உள்ள டீசல் லாரிகள்தான் போக்குவரத்தின் பசுமையில்ல வாயுக்களில் 42 சதவீதத்தை விடுகின்றன என்று நீங்களே 2025 ஜூலையில் அறிவித்தீர்கள். அதே அறிவிப்பில் மானியம் பெறப்போகும் மின் லாரிகள் சுமார் 5,600 என்றும் இருக்கிறது. அவற்றுக்கு வெளியே லட்சக்கணக்கில் ஓடும் டீசல் லாரிகளுக்கு உங்கள் திட்டம் வைத்திருக்கும் ஒரே வேலை, உடைபட்டு, மின் லாரி மானியத்துக்குக் காட்டும் சான்றிதழாவது. அவை உயிரோடு ஓடும் ஆண்டுகளில் அரை லிட்டரை மிச்சம் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் யாருக்கும் அக்கறை இல்லை. மிச்சமான லிட்டருக்குப் பணம் என்று ஒரு விதி இருந்தால் எங்களுக்குப் பச்சைப் பலகையே வேண்டாம். டயர் அழுத்தமோ, காற்றைக் கிழிக்கும் கூரையோ, இந்தப் பம்போ, எது உண்மையில் வேலை செய்கிறதோ அது தானே பணம் வாங்கிக்கொள்ளும். வேலை செய்யாதது கடையிலேயே தூசி படியும்.

அந்த விதி வரும்வரை, இருக்கிற விதிப்படியே கேட்கிறோம். ஆர்சியில் எரிபொருள் என்ற இடத்தில் "டீசல், தண்ணீருக்கு மட்டும் மின்சாரம்" என்று பதிந்துகொள்ளச் சம்மதம். ஒரு மின் லாரிக்கு உச்ச மானியம் 9.6 லட்சம் ரூபாய். முழுதும் கேட்பது அடாவடி. 24 வோல்ட்டில் 10 ஆம்பியர் இழுக்கும் எங்கள் பம்பு 240 வாட். 150 கிலோவாட் எஞ்சினோடு வைத்துப் பார்த்தால் 0.16 சதவீதம். அந்த விகிதத்தில் எங்களுக்குச் சேர வேண்டியது 1,536 ரூபாய். ஃபியூஸ் செலவை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
0.16 சதவீத மின்வாகன உரிமையாளர்கள் சார்பாக