கஸ்தூரி மஞ்சள் காருக்குள் போன கதை

தேவ்நார், மும்பை – 88

அன்புள்ள அம்மாவுக்கு,

போன் இருக்க இவன் ஏன் காகிதத்தைச் செலவழிக்கிறான் என்று நினைப்பாய். போன் என்றால் உன் மருமகள் ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள். இது அவள் காதுக்குப் போகக்கூடாத சமாசாரம். தெருவில் யாரிடமும் படித்துக் காட்டாதே. நான் ஃபாரினில் இருப்பதாக நீ சொல்லி வைத்திருக்கிறாய். நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் வந்து சேருகிற ஃபாரின் இது ஒன்றுதான்.

பக்ரீதுக்கு நாலு நாள் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மருமகள் மாட்டுங்காவில் தன் தங்கை வளைகாப்புக்குப் போயிருந்தாள். செம்பூர் செட்டா நகர் முருகனைக் கும்பிட்டுவிட்டு நம் பழைய காரில் திரும்பினேன். 1971இல் திறந்த பெரிய ஆட்டுத்தொட்டி எங்கள் பேட்டையில்தான் இருக்கிறது. பக்ரீது சமயம் ராஜஸ்தான், குஜராத் என்று லட்சத்துக்கு மேல் ஆடுகள் லாரி லாரியாக வந்து இறங்கும். வாங்கினவர்கள் ஆட்டோவில் ஏற்றிப் போவார்கள். பக்கத்து ஆட்டோவில் ஒரு கிடா, கம்பியில் தாடையை வைத்துக்கொண்டு லோன் கேட்கப் போனவனைப் பார்க்கிற பேங்க் மேனேஜர் மாதிரி என்னைப் பார்த்தது.

அந்த நெரிசலில் முக்கால் மணி நேரம் வண்டி நகரவில்லை. ஏதோ கருகுகிற வாசனை. இங்கே 1927இல் குப்பை கொட்டத் தொடங்கின மைதானம் ஒன்று உண்டு, அவ்வப்போது புகையும். எந்த நாற்றம் வந்தாலும் அதன் கணக்கில் எழுதிவிட்டுச் சும்மா இருப்பது எங்கள் பழக்கம். பானெட்டிலிருந்து வெள்ளை ஆவி கிளம்பிய பிறகுதான், குப்பைமேட்டை அநியாயமாகச் சந்தேகப்பட்டது புரிந்தது.

நாலு பேர் தள்ளி வீடு சேர்ந்தேன். ரேடியேட்டர் மூடியில் வைத்த கையை உன் குக்கர் ஞாபகம் இழுத்துப் பிடித்தது. அதுவும் குக்கர்தான் அம்மா. அழுத்தத்தில் தண்ணீர் நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் பதுங்கியிருக்கும். திறந்தால் முகத்தில் பாயும். நன்றாக ஆறவிட்டு, துணி போட்டுத் திருகி, தண்ணீர் ஊற்றினேன். மேலே ஊற்றினது கீழே வந்தது. ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியில் ஒரு கீறல். நடுவே சன்னக் குழாயில் ஊசித் துளை.

கீழே பச்சையாய்த் தேங்கியதை நக்க, பக்கத்து வீட்டுக்காரர் கட்டியிருந்த ஆடு கயிற்றை இழுத்துக்கொண்டு வந்தது. கூலன்ட் தித்திக்கும், அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் சிறுநீரகத்தைத் தின்றுவிடும். பெருநாளுக்கு வாங்கின ஆட்டை நான் முன்கூட்டியே அனுப்பிவைத்த பழி வேண்டாமென்று, காரை விட்டுவிட்டு நாலு வாளி தண்ணீர் விட்டுத் தரையைக் கழுவினேன்.

மெக்கானிக் பெருநாளுக்கு ஊருக்குப் போய்விட்டார். அதனால் கட்டடமே மெக்கானிக் ஆனது. மூன்றாம் மாடி மலையாளி, முட்டை வெள்ளைக்கருவை ஊற்று, சூட்டில் உறைந்து அடைக்கும் என்றார். மராட்டித் தாத்தா சோப்புக் கட்டியோடு இறங்கி வந்தார். எங்கள் வாட்ச்மேனோ குர்லாவில் செய்த பத்மினி டாக்ஸியை முப்பது வருஷம் ஓட்டினவர். 2023 அக்டோபரில் கடைசி பத்மினியும் ஓய்ந்தபோது சாப்பிடாமல் இருந்த மனுஷன். "அந்தக் காலத்து ரேடியேட்டர் செம்பும் பித்தளையும். பத்தவைத்தால் தீர்ந்தது. உங்களுடையது அலுமினியம். ஹல்தி டாலோ, சாப்" என்றார். மஞ்சளைப் போடச் சொல்கிறார்.

தொட்டிக் கீறலை உப்புத்தாளால் தேய்த்து, ஈரம் போகத் துடைத்து, எம்-சீலின் இரண்டு பசையையும் ஒரே நிறமாகிற வரை பிசைந்து அப்பினேன். ராத்திரி முழுக்கக் காயவிட்டேன். (பிசைகிற பக்குவத்தைப் பார்த்தால் சப்பாத்திக்கு நீ என்னைக் குறை சொல்ல மாட்டாய்.) ஊசித் துளைக்குக் கை போகாது. அதற்குத்தான் மஞ்சள். இரண்டு ஸ்பூன் பொடியைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, ஹீட்டரை முழுசாகத் திறந்துவிட்டு, வண்டியை நின்றபடி ஓடவிட்டேன். தண்ணீரோடு சுற்றிவந்த பொடி துளையில் போய் அடைந்து ஊறி நின்றுகொண்டது. சொட்டு குறைந்தது, கால் மணியில் நின்றேவிட்டது. வாட்ச்மேன் கை கொடுத்தார். ஆடுகூட எட்டிப் பார்த்தது.

ஆனால் துளையை அடைக்கிற பொடிக்கு நல்ல குழாய் எது, ஓட்டைக் குழாய் எது என்று தெரியாது. எல்லாவற்றையும் அடைக்கும். மெக்கானிக் கடை வரை போவதற்கான வைத்தியம் அது, அவ்வளவுதான். நானும் காரை எடுக்காமல் காத்திருந்து, அவர் திரும்பியதும், அழுத்தம் ஏறாதபடி மூடியை ஒரு திருகு தளர்த்தி, ஐந்து லிட்டர் கேனோடு, சூடு காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டே போனேன்.

அவர் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார். சாம்பார் ஊற்றினாயா என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். மூக்கைக் கிட்டே கொண்டுபோய், "என்ன சாப், கல்யாண வீட்டு வாசனை வருதே?" என்றார்.

அப்போதுதான் உறைத்தது. நீ போன மாசம் இரண்டு பொட்டலம் அனுப்பினாயே. நான் எடுத்தது சமையல் மஞ்சள் இல்லை. மருமகள் முகத்துக்கென்று நம் வீட்டு முற்றத்தில் காயவைத்து இடித்த கஸ்தூரி மஞ்சள்.

ரேடியேட்டரை மாற்றியாயிற்று. மஞ்சளைத்தான் மாற்ற வழியில்லை. மாமியார் இடித்த மஞ்சளுக்குக் கடைச்சரக்கு ஈடாகாது என்று மருமகள் தினம் சொல்கிறாள். டப்பாவில் தற்சமயம் கடலை மாவு கலந்து அளவை நேராக்கி வைத்திருக்கிறேன். இரண்டு நாளாகக் கண்ணாடியின் முன்னால் நின்று யோசிக்கிறாள். உடனே ஒரு பொட்டலம் அனுப்பு. வீட்டு விலாசத்துக்கு வேண்டாம், ஆபீஸ் விலாசத்துக்கு.

உன் மகன்