மூன்று லட்சம் பரப்புக் காணி

ஸ்கார்பரோ, ரொறன்ரோ
ஐப்பசி மாதம்

அன்புள்ள குஞ்சியப்புவுக்கு,

குஞ்சியாச்சியின் முழங்கால் நோ இப்போது எப்படி என்று அறிய ஆவல். நிற்க.

வட்சப்பில் நான் போட்ட படங்களைப் பார்த்துவிட்டு மூன்று கேள்வி கேட்டிருந்தீர்கள். குரலில் பதில் சொன்னால், "விளங்கேல்லை, எழுதி அனுப்பு" என்பீர்கள். அதனால் எழுதுகிறேன். முதல் கேள்வி: வேலை போச்சோ? போகவில்லை. இரண்டாவது: கையில ஏன் தடி, நாய் கலைச்சதோ? அது நடைத்தடி. இங்கே கடையில் சோடியாக விற்கிறார்கள். விலையைச் சொன்னால் நீங்கள் வேலியில் நிற்கிற பூவரசுக்கெல்லாம் காவல் போடுவீர்கள். மூன்றாவது: உந்தக் காட்டுக் காணி ஆருடையது, பரப்பு என்ன விலை போகும்? முப்பது வருசம் நொத்தாரிசு கந்தோரில் உறுதி எழுதிய கை வேறென்ன கேட்கும்! இந்தக் கேள்விக்குத்தான் கொஞ்சம் விரிவாக எழுதவேண்டும்.

அதற்கு முதல் இந்த நடை விசயம். சனி, ஞாயிறு வந்தால் இங்கத்தைச் சனம் அரை மணித்தியாலம் காரோட்டிப் போய், வரிசையில் நின்று பார்க்கிங் பிடித்து, காட்டுக்குள் இறங்கி இரண்டு மணித்தியாலம் நடந்து, வெளிக்கிட்ட இடத்துக்கே திரும்பி வந்து, காரேறி வீட்டுக்குப் போகும். ஒரு சாமானும் வாங்குவதில்லை, ஒரு சொந்தக்காரரையும் பார்ப்பதில்லை. எங்கட ஊர் சண்டிலிப்பாய் ஒழுங்கைகளில் நான் இப்படி நடந்திருந்தால் படலைக்குப் படலை ‘எங்கை போறாய்?’ என்று கேட்டிருப்பார்கள். ‘சும்மா’ என்று ஒருதரம் சொல்லிப் பார்க்கவேண்டும்! பின்னேரமே அம்மாவிடம் வந்து, ‘பெடியன்ரை சாதகத்தை ஒருக்கால் ஆரிட்டையும் காட்டுங்கோ’ என்பார்கள். இங்கே எதிரில் வருகிறவர் ‘ஹாய்’ என்று பல்லைக் காட்டிவிட்டுத் தன் பாட்டில் போவார்.

எங்கட ஆட்கள் எதிர்ப்பட்டால் மட்டும் ஊர் முறைதான். ரூஜ் ஆற்றுப் பாலத்தில் ஒரு ஐயா, காதை மூடின தொப்பியும் மகன் வாங்கிக் கொடுத்த பெரிய ஜாக்கெட்டுமாக வந்தவர், என்னை மறித்தார். "தம்பி எவடம்?" சண்டிலிப்பாய் என்றேன். "சண்டிலிப்பாயில எவடம்? கல்வளையோ, சீரணியோ?" சீரணி அம்மன் கோயிலடியில் தொடங்கி, தகப்பன் பெயர், தாய் வழி, எந்தப் பள்ளிக்கூடம் எல்லாம் விசாரித்து முடிக்க, பின்னால் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் நாயும் பிள்ளைகளுமாக வழிக்காகக் காத்து நின்றது. அவர்கள் எங்களைப் பல வருசம் பிரிந்திருந்த தகப்பனும் மகனும் என்று நினைத்திருக்கவேண்டும். அந்தப் பெண்பிள்ளையின் கண் கலங்கியிருந்தது.

சரி, காணிக்கு வருகிறேன். இதன் பெயர் ரூஜ் தேசிய நகர்ப் பூங்கா. 2015இல் கனடா அரசாங்கம் சட்டம் போட்டு எடுத்தது; இந்த நாட்டில் இப்படி நகரத்துக்குள் அமைந்த முதல் தேசியப் பூங்கா இதுதான். பரப்பளவு 79 சதுர கிலோமீற்றர். ஏக்கருக்குப் பதினாறு பரப்பு என்று உங்களுக்காகக் கணக்குப் பார்த்தேன்: மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம் பரப்பு, சொச்சம். தண்ணியைக் குடித்துவிட்டு மேலே வாசியுங்கோ. விற்க ஏலாது, ஈடு வைக்க ஏலாது, ஒரு பரப்பைக்கூட மகளுக்குச் சீதன உறுதியாக எழுத ஏலாது. உள்ளே போகக் காசும் இல்லை. ஒரு பக்கத்தில் குத்தகைக்காரர் சோளம் போடுகிறார்கள், மற்றப் பக்கம் காடு. காட்டுக்குள் ‘மாஸ்ட் ட்ரெயில்’ என்று ஒரு பாதை உண்டு. இருநூறு வருசத்துக்கு முன் இங்கிலாந்துக் கப்பல்களுக்குப் பாய்மரம் செய்ய நெட்டைப் பைன் மரங்களைத் தறித்து இழுத்துப் போன வழி அது. இப்போது அதில் நாங்கள் சப்பாத்துப் போட்டு இளைத்து இளைத்து ஏறுகிறோம்.

இவ்வளவு காணி ஏன் கட்டிடம் ஏறாமல் கிடக்கிறது என்று உங்களுக்கு அடிவயிறு எரியும். ரூஜ் மட்டுமில்லை, இந்த நகரத்தின் ஆற்றுப் பள்ளத்தாக்குகள் அநேகம் இப்படித்தான் கிடக்கின்றன. அதற்கு 1954இன் கதை ஒன்று இருக்கிறது. அந்த வருசம் ஐப்பசியில் ஹேசல் என்ற புயல் வந்தது. ஒரே இரவில் ஹம்பர் ஆறு பெருகி, கரையோரத்து ரேமோர் டிரைவ் என்ற தெருவில் வீடுகளோடு 35 பேரை அள்ளிக்கொண்டு போனது. ஒன்ராறியோ முழுக்க 81 பேர் செத்தார்கள். பிறகுதான் புத்தி வந்து, 1957இல் ஆறுகளைப் பார்க்க ஒரு அதிகார சபை அமைத்து, வெள்ளம் பாயும் தாழ்நிலங்களைக் காசு கொடுத்து வாங்கி, வீடு கட்டக்கூடாது என்று விட்டார்கள். நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் நடப்பது ஆற்றின் பெயரில் எழுதின காணியில்.

எங்கட வழுக்கையாற்றை ஒருக்கால் யோசியுங்கோ. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு ஆறென்று இருப்பது அது ஒன்றுதான். மாரியில் ஓடி அராலியில் கடலேரிக்குள் விழும். கோடையில் வருகிறவனுக்கு ‘இதுதான் ஆறு’ என்று காட்டினால் சிரிப்பான். ஆறு ஊரில் இல்லாத நேரம் பார்த்து மதில் கட்டுகிறார்கள், மண் கொட்டி நிரவுகிறார்கள். 2008இல் நிஷா புயலுக்குத் தண்ணி ஏறினபோது, ‘ஆறு வீட்டுக்குள்ளை வந்திட்டுது’ என்று கத்தினார்கள். ஆறு எங்கை வந்தது? வீடெல்லோ போனது! உங்கட கையால் எழுதின உறுதிகளில் ‘மேற்கு எல்லை வாய்க்கால்’ என்று எத்தனை இருக்கும்? அந்த வாய்க்கால்கள் இப்போது எங்கே என்று சைக்கிளில் போய்ப் பார்த்து எழுதுங்கோ.

ரூஜ் ஆறு ஒன்ராறியோ ஏரியில் விழும் வாயில் பெரிய சதுப்பு நிலம். ஆளுயரச் சம்பு, கொக்கு, அன்னம். ஏரி என்றவுடன் எங்கட கடலேரியை நினையாதேங்கோ. மறுகரை தெரியாது, அலை அடிக்கும், ஆனால் உப்பில்லை. நான் நக்கிப் பார்த்தும் நம்பவில்லை. இந்தச் சதுப்பு நிலங்களில் பிளாண்டிங் ஆமை என்றொரு இனம் அழிகிற நிலையில் இருந்தது. 2014இலிருந்து ரொறன்ரோ மிருகக்காட்சிச்சாலை முட்டை பொரிக்க வைத்து, குஞ்சுகளை இரண்டு வருசம் சூட்டில் வைத்துச் சாப்பாடு போட்டு வளர்த்து, பிறகு கொண்டுவந்து குடியேற்றுகிறது. எண்பது வயசுவரை வாழுமாம். எனக்கு வந்திறங்கின முதல் குளிருக்கு ஒரு பேஸ்மென்ற்தான் கிடைத்தது.

இனி ஸ்கார்பரோ பிளவ்ஸ் என்ற ஏரிக்கரைச் செங்குத்து. கீரிமலையை மலை என்று நம்பி வளர்ந்தவனுக்கு இதைப் பார்த்தால் தலை சுற்றும். ஏரிக்கரையோரம் 15 கிலோமீற்றருக்குச் செங்குத்தான சாம்பல்வெள்ளை மதில். உச்சத்தில் 90 மீற்றர், நல்ல நெட்டைப் பனை நாலைந்தை ஒன்றின்மேல் ஒன்றாக நட்ட உயரம். 1793இல் துணை ஆளுநர் சிம்கோவின் மனைவி எலிசபெத் படகிலிருந்து இதைப் பார்த்துவிட்டு, தங்கட நாட்டு ஸ்கார்பரோக் கரை நினைவுக்கு வர, அந்தப் பெயரையே இதற்கும் வைத்தார். ஆனால் இது பாறை இல்லை. பனியுகத்தில் படிந்த மணலும் களியும். ஏரி அடியைக் கரும்ப, மழை மேலே கரைக்க, விளிம்பு கொஞ்சம் கொஞ்சமாக இடிந்து விழுந்துகொண்டே இருக்கிறது.

அந்த விளிம்பில் வீடுகள் இருக்கின்றன, குஞ்சியப்பு. பின்வளவில் நின்றால் கண்ணுக்கெட்டின மட்டும் ஏரி தெரியும், விலையும் அதற்கேற்ற மாதிரித்தான். ஊரில் பக்கத்து வீட்டான் இருட்டோடு இருட்டாகக் கதியாலைப் பிடுங்கி அரை அடி தள்ளி நட்டால் மல்லாகம் கோட்டுக்குப் போகலாம், பேரன் காலம்வரை வழக்குப் பேசலாம். இங்கே வேலியை அரக்குவது ஏரி. அது வேலியையும் சேர்த்தே கொண்டுபோகும். போதாததுக்கு, இப்படிக் கரைத்த மண்ணை நீரோட்டம் மேற்கே இழுத்துப்போய்ப் பல ஆயிரம் வருசமாக ஒரு நீண்ட மணல்திட்டாகச் சேர்த்தது. 1858இல் ஒரு புயல் அதைக் கரையிலிருந்து அறுத்துவிட, அது இப்போது ரொறன்ரோத் தீவுகள் என்று பெயரெடுத்து, சனம் படகேறிப் போய்ப் படம் பிடிக்கும் இடமாக இருக்கிறது. அங்கே போய் ‘இந்த மண் என்ரை பின்வளவு’ என்று ஒருத்தர் சொன்னால் நீங்கள் எந்தப் பிரிவில் வழக்குப் போடுவீர்கள்? இங்கே உங்களுக்கு ஒரு கந்தோர் திறந்து தரலாம் என்று மனுசி சொல்கிறா.

விளிம்புக்குப் போகாதே, ஏறாதே என்று கம்பிவேலியும் அறிவித்தலும் போட்டிருக்கிறார்கள். அப்படியும் ஒவ்வொரு கோடையும் ஆராவது ஒரு இளந்தாரி படம் எடுக்க ஏறி நடுவில் நின்றுவிடுவான். தீயணைப்புப் படை வந்து கயிறு கட்டி இறக்கும்.

இந்த மாதம் ஹைலண்ட் கிரீக் என்ற சிற்றாற்றில் சாமன் மீன் ஏறுகிறது. கைநீளத்துக்கு ஒவ்வொன்று, முழங்கால் தண்ணிக்குள் கல்லில் முதுகு உரஞ்ச எதிர்த்துப் போகும். ஏரியில் முந்தி இருந்த சாமன் அணைகளாலும் காடழிப்பாலும் போன நூற்றாண்டுக்கு முதலே அழிந்துவிட்டது. இது 1960களின் கடைசியில் பசிபிக் பக்கத்திலிருந்து கொண்டுவந்து விட்ட சினூக். பாலத்து ஐயாவை அங்கும் கண்டேன். கரையில் குந்தியிருந்து வெகுநேரம் பார்த்தார். "தம்பி, தலை ரெண்டு எடுத்தால் கூழுக்குக் காணும்" என்றார். கண்டபடி பிடிக்க ஏலாது என்றேன். முட்டையிட்டவுடன் செத்துப்போகும், சதையும் பஞ்சாகத்தான் இருக்கும் என்றும் சொன்னேன். "அப்ப என்னத்துக்கு உவ்வளவு பாடுபட்டு ஏறுது?" என்று மீனிலேயே கோபித்துக்கொண்டு எழும்பிவிட்டார்.

உங்கட விசிட்டர் விசா சரிவந்தால் வருகிற ஆனியில் நீங்கள் இரண்டு பேரும் இங்கே நிற்பீர்கள். உங்கட கால் அளவைக் கடதாசியில் சுற்றிக் கீறிப் படமெடுத்து அனுப்புங்கோ, சப்பாத்து வாங்கி வைக்கிறேன். சாரத்தோடு காட்டுக்குள் இறங்க ஏலாது. புல்லில் உண்ணி இருக்கிறது, கிருமியுள்ளது கடித்தால் காய்ச்சல், மூட்டுவலி என்று மாதக்கணக்கில் இழுக்கும். நடந்து வந்தால் மனுசி ஒவ்வொருத்தராக நிறுத்தி வைத்துப் பிடரியில் டோர்ச் அடித்துத் தேடித்தான் வீட்டுக்குள் விடுவா. குஞ்சியாச்சிக்கு மிருகக்காட்சிச்சாலைக்குக் கிட்ட விஸ்டா ட்ரெயில் போதும்; பலகை மேடையில் நின்று பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டு வரலாம். நீங்கள் அளவு நாடாவைச் சூட்கேசில் வைக்காதேங்கோ. அந்த நிறைக்கு ஒடியல் மா கொண்டுவாங்கோ.

இப்படிக்கு,
உங்கட பெறாமகன்