வாடகைக்காரருக்குக் கதவு எங்கே?

கேள்வி: பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் பகுதிகளில் வாடகைக்கு இருப்போர், வீட்டுக்காரர் தொல்லை கொடுத்தால் எங்கே போகலாம்?

பதில்: மலேசியாவின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997இல் நீக்கப்பட்டது; நீதிமன்றத்தின் கதவு நீக்கப்படவில்லை. ஒப்பந்தக் காலம் முடிந்தும் குடியிருப்பவரைக்கூட நீதிமன்ற உத்தரவின்றி வெளியேற்றக் கூடாது என்கிறது 1950ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் (Specific Relief Act) 7ஆம் பிரிவு. வீட்டுக்காரர் தாமாகவே பூட்டை மாற்றினால் போலீசில் புகார் செய்து, சட்ட ஆலோசனை பெறலாம். டெபாசிட் திரும்பி வரவில்லையா? 5,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில், வழக்கறிஞர் இல்லாமலே சிறு கோரிக்கை வழக்குத் தொடுக்கலாம். வசதி குறைந்தோருக்கு வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் வழிகாட்டும். முத்திரை வரி செலுத்திய ஒப்பந்தமும் ரசீதுகளும் பத்திரமாக இருக்கட்டும்: வாய்ச்சொல் தடுமாறும் இடத்தில் காகிதம் நிமிர்ந்து நிற்கும்.